புதுக் கணினி வாங்க முன் ஒரு வார்த்தை: பழைய மாணவர் சங்கங்களுக்குத் திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று பரந்து கிடக்கும் அவற்றின் கிளைகளுக்கும்,

வணக்கம்.

கணினி அறைக்குப் புதுக் கணினிகள் வேண்டும் என்ற வேண்டுகோள் இப்போது சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. காரணமும் கூடவே வருகிறது: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இருக்கிற கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்காக எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நகரில் கணினி திருத்தும் தொழில் செய்பவன் நான். உங்களைப் போல ஒரு பழைய மாணவனும்கூட. புதுக் கணினி விற்றால் எனக்கும் நாலு காசு வரும் என்பதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

முதலில் முடிந்தது எது என்று பார்ப்போம். 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் கொடுப்பதை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. கணினி அன்றைக்கே செத்துப்போகவில்லை. பத்திரமில்லாத கணினியாக ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017 இல்தான். நீங்கள் அனுப்பி வைத்தவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்த மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 பெட்டிகள். குறுக்கு வழியில் 11 ஐ ஏற்றலாம், ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பித்தல் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை.

கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை இருப்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டொலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று கட்டி விண்டோஸ் 10 இன் பாதுகாப்பை நீட்டிக்கலாம். மலிவுதான். ஆனால் அது முறையான உரிமம் உள்ள கணினிகளுக்கு. நம் கணினி அறைகள் பலவற்றில் ஓடுவது கிராக் போட்ட விண்டோஸ் என்பது ஊரறிந்த இரகசியம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும். பதிப்புரிமை பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அறையிலேயே திருட்டு மென்பொருள் ஓடுவதை நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, வேறு வழி என்ன? அந்தக் கணினிகளில் லினக்ஸ் மின்ட் போடலாம். விண்டோஸைப் போலக் கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம் அது. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை புதுப்பித்தல் வரும். 2 ஜிபி ரேமிலேயே (தற்காலிக நினைவகம்) எழும்பும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். கீழே இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் மணிக்கூடு என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. உரிமத்துக்கு ஒரு சதம் கட்டவேண்டியதில்லை. போடுவதற்கு முன்பே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் உள்ள எதையும் அது தொடாது.

இங்கே ஒரு சின்ன விஷயம். "செத்துப்போச்சு" என்று மூலையில் அடுக்கி வைத்திருக்கும் கணினிகளை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் கடலோர ஊர். உப்புக்காற்று ரேமின் பொன்னிறப் பற்களில் ஏறி மங்கலாகப் படிந்துவிடும். சுவிட்ச் போட்டால் பீப், பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் பலது எழும்பிவிடும். கழிவுப் பட்டியலில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க அரை நாள் போதும். எழும்பிய பெட்டியில் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி, அதாவது அதைவிடப் பலமடங்கு வேகமான சேமிப்பகம், போட்டால் அது வேறு கணினி. ஒரு புதுக் கணினியின் காசுக்கு எத்தனை எஸ்எஸ்டி வரும் என்று எந்தக் கடையிலும் விசாரித்துப் பாருங்கள்.

"ஓசியில் கிடைக்கிற சாமான், தரம் இருக்குமா?" என்று சங்கக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்பவரின் கையில் அன்ட்ரொயிட் போன் இருந்தால், அதன் உள்ளே ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கரு. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. அது தூரத்துக் கதை என்றால் கிட்டத்துக் கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் நம் கரையைக் கடல் அடித்துக்கொண்டு போன பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இந்த நாட்டுக் கணினித் துறையினர் தொண்டாகச் சேர்ந்து எழுதியதுதான் சஹானா. முழுக்கத் திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2006 இல் சமூகப் பயனுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. ஓசிச் சாமான்தான்.

பாடத்துக்குப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. உயர்தர ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) பாடத்தில் பைதன் என்ற நிரல் மொழி இருக்கிறது. மின்டில் பைதன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. விரிதாளில் கூட்டுத்தொகை எடுக்கும் சூத்திரம் எக்செலிலும், மின்டோடு வரும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஒபிஸிலும் ஒன்றுதான். கணித ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராச் எல்லாம் பிரவுசரிலேயே ஓடும். அப்புறம் பிள்ளைகள் டியூஷன் வகுப்பிலிருந்து கொண்டுவரும் பென்ட்ரைவ்கள். கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும் அந்த வைரஸ் விண்டோஸுக்கென்று எழுதியது. மின்டில் செருகினால் அசல் கோப்புகள் ஒரு பக்கம், அந்தக் குப்பை மறுபக்கம் என்று பிரிந்து தெரியும். குப்பையை மட்டும் அழித்துவிடலாம். கணினி அறைப் பொறுப்பாசிரியருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

தமிழ் தட்டச்சுதான் பெரிய பயம். யுனிகோடில் அடிப்பவர்களுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு வசதி மூலம் தமிழ்99, ரெங்கநாதன், ஒலிப்பு முறை என்ற மூன்று விசைப்பலகை முறைகளும் கிடைக்கும். நம் ஆசிரியர்களில் பலர் வினாத்தாளை இன்றும் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில்தான் அடிக்கிறார்கள். அதற்கும் தடையில்லை: பாமினி எழுத்துருக் கோப்பை மின்டில் நிறுவிவிட்டால் பழைய வினாத்தாள்கள் திறக்கும், புதிதாகவும் அடிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்கியத்தின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாகத் தானே மாற்றும் வசதி லிப்ரெஒபிஸில் திறந்தே இருக்கும். பாமினியில் சின்ன எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொன்று என்பதால் அடித்தது ஒன்று, விழுவது ஒன்றாகிவிடும். தானியங்கித் திருத்தத்தில் அந்த வசதிக்கான சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், "லினக்ஸில் தமிழ் வராது" என்று மறுநாளே பேர் வந்துவிடும்.

எல்லாக் கணினியையும் மாற்றச் சொல்லவில்லை. அதிபர் அலுவலகத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம். மேலிடத்திலிருந்து வரும் எக்செல் படிவங்களில் மெக்ரோ (தானே ஓடும் சிறு நிரல்) இருந்தால் லிப்ரெஒபிஸில் ஒழுங்காக ஓடாமல் போகலாம். ஃபோட்டோஷொப்பும் பேஜ்மேக்கரும் லினக்ஸுக்கு வருவதில்லை. பிரிண்டரையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். எச்பி பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். நம் ஊரில் மூலைக்கு மூலை இருக்கும் கெனன் எல்பிபி 2900 க்கு டிரைவர் போடுவது இழுபறி. ஆகவே உண்மையான உரிமத்தோடு விண்டோஸ் 11 போட்ட இரண்டு புதுக் கணினி, அலுவலகத்துக்கு ஒன்று, கணினி அறைக்கு ஒன்று, வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பார்த்து வளரட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லினக்ஸுக்கு மாறி வென்றவர்களும் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு. ஜேர்மனியின் மியூனிக் மாநகரம் 2003 இல் மாற முடிவெடுத்து, பல்லாயிரம் கணினிகளை மாற்றி, 2017 இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. கேரளத்து அரசுப் பாடசாலைகளில் 2000 களின் நடுப்பகுதியில் தொடங்கியது இன்றும் நிற்கிறது. அங்கே பாடநூலே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டது, ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி நடந்தது, பழுதானால் கேட்பதற்கு, இன்று கைட் என்று அழைக்கப்படும் அரசு அமைப்பு இருந்தது. நாம் ஆளுக்குக் கொடுப்பதில்லை, பெட்டிக்குக் கொடுக்கிறோம். நாடா வெட்டி, மங்கல விளக்கேற்றி, ஒவ்வொரு மொனிட்டரிலும் அன்பளிப்புச் செய்தவரின் பெயரை ஒட்டி, படமெடுத்து அனுப்பியதோடு சரி. ஐசிடி ஆசிரியருக்கு இடமாற்றம் வந்ததும் கணினி அறைக்குப் பூட்டு விழுகிறது. ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துப் பாடசாலையில் ஒரு கணினி படுத்துவிட்டால் திருத்த நகருக்கு ஏற்றிவரும் கூலியே ஒரு செலவு.

எனவே நீங்கள் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென்று எழுதி வையுங்கள். பாடசாலைக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் மாறிப்போனாலும் மற்றவர் இருப்பார். கூடவே உயர்தர ஐசிடி படிக்கும் மாணவர் சிலர். மின்டைப் பதிப்பது, புதுப்பிப்பது, பாமினி போடுவது, ரேம் துடைப்பது எல்லாம் அவர்களுக்கு ஒரு வார இறுதியில் படிந்துவிடும். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் வரமாட்டார்களா? அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கொடுக்க உங்களால் முடியாதா?

அடுத்த கூட்டத்தில் விலைமனுக்களைப் பிரிப்பதற்கு முன், உங்கள் பாடசாலையின் பழைய கணினி ஒன்றை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பென்ட்ரைவோடு நான் வருகிறேன். பொருளாளர் கையாலேயே ஓட்டிப் பார்க்கட்டும். காசு வேண்டாம், தேத்தண்ணீர் தந்தால் போதும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு பழைய மாணவன்