மருத மரத்திலிருந்து 27 எட்டு

சேரன்மகாதேவி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் மாடித் தொட்டி ஒழுகலை அடைப்பதுமாக நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. முப்பது வருஷம் கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பதினொரு வயது. கைப்பேசியிலிருந்து அவளைப் பிரிப்பதற்காகப் பரணில் கிடந்த ‘புதையல் தீவு’ புத்தகத்தை இறக்கினேன். எட்டாம் வகுப்பில் நான்-டீடெய்லாகச் சுருக்கிக் கொடுத்தார்களே, அது இல்லை. முதல் தடவை கப்பலேறும் முன்பு கொச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கி எனக்கு அனுப்பினாயே, அந்த முழு இங்கிலீஷ் புத்தகம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரு அத்தியாயம் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

“இதுல பொண்ணுங்களே இல்லையா தாத்தா?” என்று இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள். என்ன சொல்ல? ஸ்டீவன்சன் அந்தக் கதையை ஆரம்பித்தது 1881இல், ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில். மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பதின்மூன்று வயது லாயிட், அவர் மனைவிக்கு முதல் கலியாணத்தில் பிறந்த பையன், அவனுக்காக எழுதினார். பெண்கள் வரக்கூடாது என்பது அந்தப் பயல் போட்ட நிபந்தனை. கதை சொல்லும் பையன் ஜிம்மின் அம்மா மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். பேத்திக்குப் பிடித்ததும் அவளைத்தான். கொள்ளைக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், இந்த அம்மாளோ செத்துப்போன கேப்டனின் பெட்டியைத் திறந்து, அவன் தங்கள் விடுதிக்குத் தரவேண்டிய பாக்கியை மட்டும் எண்ணி எடுக்கிறாள். ஒரு காசு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பெட்டியிலோ பல தேசத்து நாணயங்கள் கலந்து கிடக்கின்றன. அவளுக்கு எண்ணத் தெரிந்தது கினி என்ற இங்கிலீஷ் தங்கக் காசு மட்டும்தான். “நம்ம ஆச்சி மாதிரியே” என்றாள் பேத்தி. ஆச்சி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ். கலங்கரை விளக்கம் கட்டுகிற இன்ஜினியர். மகன் குழந்தைக் கதை எழுதுகிறானே என்று கடிந்துகொள்ளாமல், ஒரு நாளில் பாதிக்கு மேல் செலவழித்துப் பழைய உறை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாராம்: குவாட்ரன்ட் என்ற கோணமானி, தகரக் குவளை, புகையிலை, இரண்டு ஜோடி கைத்துப்பாக்கி, ஒரு வெள்ளிக் கட்டி, ஸ்பெயின் கடிகாரம், பித்தளை போட்ட கவராயம், ஐந்தாறு கிளிஞ்சல். சின்ன வயதில் எனக்குத் துப்பாக்கி மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது வாசிக்கையில் கவராயத்தில் நின்றுவிட்டேன். முப்பத்து மூன்று வருஷம் நிலவளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் இல்லையா.

அதைவிட என்னை உலுக்கியது புதையல் தீவின் வரைபடத்தின் கதை. உனக்குத் தெரியுமோ என்னவோ, அந்த நாவலில் முதலில் பிறந்தது படம்தான். பொழுதுபோகாமல் ஒரு தீவை வரைந்து வர்ணம் பூசினார். அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். முதலில் ஒரு பையன்கள் பத்திரிகையில் தொடராக வந்தது. 1883இல் புத்தகமாகப் போடும்போது, கையெழுத்துப் பிரதியோடு அனுப்பிய படம் வந்து சேரவே இல்லை என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். மனுஷன் என்ன செய்வார்? தான் எழுதிய கதையையே வரிவரியாகத் தேடி, எந்த மலை எங்கே, எந்த ஓடை எந்தப் பக்கம் என்று குறிப்பெடுத்து, கவராயத்தை வைத்துக்கொண்டு இன்னொரு படம் போட்டார். அப்பாவின் அலுவலகத்தில் அது சுத்தமாக வரையப்பட்டது. திமிங்கிலங்களும் பாய்மரக் கப்பல்களும் சேர்ந்தன. அப்பாவே, கதையில் புதையலைப் புதைத்த கேப்டன் பிளின்ட்டின் கையெழுத்தைப் போலியாகப் போட்டார். எல்லாம் இருந்தும் அந்த இரண்டாவது படம் தனக்கு ஒருபோதும் அந்தத் தீவாகத் தோன்றவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சர்வேயராக எனக்கு ஒரு புகார் உண்டு. பிளின்ட் விட்டுப்போன குறிப்பைப் பார்: நெட்டை மரம், ஸ்பைகிளாஸ் குன்றின் தோள், வட-வடகிழக்குக்கு ஒரு பாயின்ட் வடக்கே, பத்து அடி. ஒரு பாயின்ட் என்றால் பதினொன்றேகால் டிகிரி என்று நீதான் சொன்னாய். குன்றுமேல் நெட்டை மரம் ஒன்றா இரண்டா? எங்கள் துறையில் இப்படி ஒரு புலப்படம் கொடுத்தால் மெமோ வரும். கொள்ளைக்காரர் தலைவன் சில்வர் ஒற்றைக்காலோடு குறியெல்லாம் பார்த்துப் போய்ச் சேர்ந்தால் அங்கே கிடப்பது வெறும் குழி. மூன்று வருஷம் தன்னந்தனியாகத் தீவில் கிடந்து பாலாடைக்கட்டிக்கு ஏங்கிய பென் கன், தங்கத்தை எப்போதோ தோண்டித் தன் குகையில் கொண்டுபோய் வைத்துவிட்டான்!

சில்வரைப் பற்றியும் ஒன்று. ஸ்டீவன்சனின் நண்பர் ஹென்லி, கவிஞர், எலும்பில் காசநோய் வந்து ஒரு காலை இழந்தவர். அந்த ஊனத்தையும் மீறிய அவருடைய பலமும் அதட்டலும்தான் சில்வரைப் பெற்றெடுத்தன என்று ஸ்டீவன்சனே அவருக்கு எழுதினார். நண்பனைக் கொள்ளைக்காரனாக்கிவிட்டு அதை அவனுக்கே கடிதம் போட்டுச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நீ எனக்கு எழுதாதே.

பாலன்டைனின் ‘பவளத் தீவு’ நினைவிருக்கிறதா? 1857இல் வந்தது. மூன்று பையன்கள் பசிபிக் தீவில் ஒதுங்குகிறார்கள். மரத்திலிருந்து தேங்காயைப் பறித்து, கத்தியால் ஒரு துளை போட்டு, எலுமிச்சை சர்பத் மாதிரி இருக்கிறது என்று குடிக்கிறார்கள். மட்டை என்ற பேச்சே இல்லை. நீதான் முதலில் பிடித்தாய்: “ஏலே, இவன் தேங்காய மரத்துல பாத்ததே இல்லலே!” உண்மைதான். அவர் பார்த்தது ஸ்காட்லாந்துக் கடைகளில் உரித்து விற்ற தேங்காய். பாரையை நட்டு மட்டை உரிக்கும் ஊர்க்காரனிடம் அது செல்லுமா? தவறு தெரிந்ததும் அவர் கூனிக்குறுகிப்போய், இனிமேல் நேரில் பார்க்காமல் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். கலங்கரை விளக்கக் கதைக்காக பெல் ராக் கலங்கரை விளக்கத்திலேயே போய்த் தங்கினார்; அதைக் கட்டியவர் ஸ்டீவன்சனின் தாத்தா ராபர்ட். இதில் வேடிக்கை, கனடாக் காட்டைப் பற்றி எழுதும்போது அவருக்குத் தவறே வராது. பதினாறு வயதிலேயே ஹட்சன் பே கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் தோல் வியாபாரம் பார்த்தவர்.

‘புதையல் தீவு’ முகப்புப் பாட்டில் ஸ்டீவன்சன் பாலன்டைனையும் சொல்கிறார், அமெரிக்க நாவலாசிரியர் கூப்பரையும் சொல்கிறார்; கூப்பரைக் காட்டுக்கும் அலைக்கும் உரியவர் என்கிறார். கூப்பர் இளம் வயதில் கப்பலிலும் அமெரிக்கக் கடற்படையிலும் இருந்தவர், கடல் கதையில் பாய்மரமும் கயிறும் சரியாக இருக்கும். காட்டுக்குள் போனால்தான் வம்பு. மார்க் ட்வைன் 1895இல் கிழித்துத் தொங்கவிட்டார்: ஐம்பது அடி அகல ஆறு காரணமே இல்லாமல் இருபது அடியாகச் சுருங்குகிறது, மரத்தில் ஒளிந்திருந்த ஆறு பேர் மெதுவாகப் போகிற படகில் குதிக்கத் தெரியாமல் ஐந்து பேர் தண்ணீரில் விழுகிறார்கள், ஆபத்து வந்தால் யாராவது காய்ந்த சுள்ளியை மிதித்தே தீருவார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கூப்பரின் ‘மொஹிகன்களில் கடைசி’ முடியும் இடத்தில் நாம் இருவரும் ஆற்றங்கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே, அது ஆற்றின் அகலத்தைப் பார்த்து வந்த துக்கம் இல்லை. இதில் இன்னொன்று: மொஹிகன் என்ற அமெரிக்கப் பூர்வகுடி வம்சத்தார் இன்றும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தங்கள் நிலத்தில் இருக்கிறார்கள். கடைசி ஆள் என்று 1826இல் ஒருவர் எழுதிவைத்ததை நாமும் ஐம்பது வருஷம் நம்பியிருந்தோம்.

கேப்டன் மாரியட்டை இந்த முறை முடிக்க முடியவில்லை. அசல் கடற்படை ஆள்தான், ஆனால் உபதேசம் அதிகம். உனக்குப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் நம் ஆற்றுத் திட்டுக்கு நாம் வரைந்த புதையல் படம் போய்விட்டது. பள்ளிக்கூட அட்லஸுக்குள் வைத்திருந்தேன். வீடு மாறும்போது பார்த்தால் அட்லஸைக் கறையான் தின்றிருந்தது. போன வாரம் பேத்தி கேட்டாள் என்று நினைவிலிருந்து போட உட்கார்ந்தேன். எத்தனையோ கிராமத்துக்குப் புலப்படம் போட்ட கைக்கு நம் ஆற்றுத் திட்டு வரவில்லை. 1992 வெள்ளத்தில் திட்டின் மேல்பாதி போனது. 2023 டிசம்பரில் மிச்சமும் உருமாறிவிட்டது. கல் மண்டபம் இருக்கிறது. பெரிய மருதத்தில் அடிமரம் மட்டும்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை மையிலும் சந்தேகத்தைப் பென்சில் புள்ளியிலும் போட்டிருக்கிறேன். நாம் புதைத்த பிஸ்கட் டப்பாவுக்குள் பதினொரு கோலி, ஒரு நாலணா, உன் அண்ணனின் உடைந்த காம்பஸ் என்று ஞாபகம். மருத மரத்திலிருந்து மண்டபத்தைப் பார்த்து 27 எட்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு வைத்தது நீயா நானா? அந்த வயதில் நீ என்னைவிட ஒரு சாண் உயரம். 27 எட்டில் ஏழெட்டு அடியாவது வித்தியாசம் வரும். யோசித்துப் பார்த்துப் பதில் போடு.

இப்படிக்கு,
முருகேசன்