வலை கட்டிய பெண்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர் என்றால் நம் பத்திரிகைகளில் டாங்கி படம், பீரங்கி படம், வீரர் படம், அவ்வளவுதான். அந்த பீரங்கி விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் படாமல் மூடிவைத்த வலையை யார் செய்தார்கள் என்று ஒரு வரி கூட வருவதில்லை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். 1915-ல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்றே தனிப்பிரிவு தொடங்கியபோதே அதன் பட்டறைகளில் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துப் பெண்கள், பல ஊர்களில் சம்பளம் இல்லாமலே, பொது மண்டபங்களில் பெரிய வலைகளைத் தொங்கவிட்டு, பச்சையும் பழுப்புமாகச் சாயம் ஏற்றிய சாக்குத் துணிக் கீற்றுகளை ஒவ்வொன்றாகக் கோர்த்தார்கள். இஷ்டத்துக்குக் கோர்க்க முடியாது. நடுவில் நெருக்கமாகவும் ஓரம் போகப் போக விட்டுவிட்டும் கோர்க்க வேண்டும், இல்லையென்றால் வலையின் விளிம்பு நிழலாக விழுந்து மேலிருந்து எடுக்கும் போட்டோவில் காட்டிக்கொடுத்துவிடும். சாக்குத் தூசி தொண்டையில் இறங்கி இருமல் வரும், சாயம் கையை விட்டுப் போகாது. அந்தச் சாக்குக்கான சணல் பெரும்பாலும் நம் வங்காளத்தில் விளைந்தது, அதையும் யாரும் சொல்வதில்லை.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு புகையிலைத் தூசியில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கிறது. அந்தக் கல் அவசியம் இருக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் விட்டுப்போன வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லிலும் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 1971 போர் நடந்தபோது இளம் மனைவியாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். உங்கள் நிருபர் ஒருவரை அங்கே அனுப்புங்கள். மணியார்டர் வராத மாதம் எப்படி ஓடியது, கடிதம் வந்தால் யார் படித்துச் சொன்னார்கள், அந்தக் காலத்தில் கூலி வேலைக்குப் போனார்களா, என்ன கூலி என்று அந்தப் பாட்டிகளிடமே கேட்டு அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள், படத்தோடு. வீரர்களுக்கு ஒதுக்குகிற அதே இடத்தை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி