உன் மசாலா ஆலைக்கு அரசாங்க உத்தரவாதக் கடன்

பட்டர்வொர்த், பினாங்கு

அன்புள்ள நண்பன் சுந்தரத்துக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் உன் மசாலா ஆலைக்குப் புதிய அரவை இயந்திரம் வாங்க அரசாங்க உதவிக் கடன் கேட்கலாமா, அதற்கு நம் தொழில் மிகச் சிறியதாயிற்றே என்று எழுதியிருந்தாய். அப்படி எண்ணி நம்மவர்கள் ஒதுங்கிப் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மலேசியாவில் 2014 முதல் நடப்பிலுள்ள வரையறைப்படி, உற்பத்தித் துறையில் ஆண்டு விற்பனை 5 கோடி வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டாத, அல்லது முழுநேர ஊழியர்கள் 200 பேருக்கு மேற்படாத நிறுவனம் பொதுவாகச் சிறு, நடுத்தரத் தொழிலாகும். விற்பனை 3 லட்சம் வெள்ளிக்குக் குறைவாக இருந்தாலோ, ஊழியர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தாலோ அது குறுந்தொழில். விற்பனை ஒரு அளவுப் படியிலும் ஆள் கணக்கு இன்னொரு படியிலும் வந்தால், சிறிய படியையே எடுத்துக்கொள்வார்கள். நீயும், சம்பளம் வாங்காமல் உன்னோடு உழைக்கும் தங்கையும் ஊழியர் கணக்கில் வரமாட்டீர்கள். ஆகவே மூன்று பேரை வேலைக்கு வைத்திருக்கும் உன் ஆலை, விற்பனை கூடினாலும் குறுந்தொழில்தான்.

அடமானம் வைக்க நிலம் இல்லையே என்றும் தயங்காதே. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 1972இல் சிஜிசி என்னும் கடன் உத்தரவாதக் கழகம் தொடங்கப்பட்டது. அந்த உத்தரவாதம் வங்கியின் இழப்பை ஈடுகட்டத்தான், உன் கடனைத் தீர்க்க அல்ல என்பதை மறந்துவிடாதே. தவணை தவறினால் கடன் உன் தலையிலிருந்து இறங்காது. இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் ஸ்பூமி என்னும் கடன் திட்டமும் இருக்கிறது.

விண்ணப்பம் தட்டிப்போவது பெரும்பாலும் வேறிடத்தில். இங்கே பினாங்கின் லெபோ பாசார் தெருவில் எனக்குத் தெரிந்த பூக்கடைக்காரர் ஒருவருக்குத் தைப்பூச வாரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. கல்லாவில் விழும் ரொக்கம் நேரே பூ இறக்கும் லாரிக்காரர் கைக்குப் போகும், மீதி வீட்டுச் செலவுக்குப் போகும். கடன் பாக்கியெல்லாம் மேசை இழுப்பறையில் கிடக்கும் எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் இருக்கும். அவர் கடன் கேட்டபோது, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைப் புரட்டிய அதிகாரியின் கண்ணுக்குச் சில நூறு வெள்ளி மட்டுமே தெரிந்தது. நன்றாக நடக்கும் கடை, காகிதத்தில் இல்லாத கடையாகிவிட்டது.

உனக்கு அந்த நிலை வரக் கூடாது. விற்பனைப் பணம் முழுவதையும் இன்றிலிருந்தே தொழில் கணக்கில் போடு. மத்திய வங்கியின் சிசிரிஸ் என்னும் கடன் தகவல் பதிவில் கடந்த 12 மாதத் தவணைகளை நீ கட்டிய விதம் தெரியும் என்பதால், வேன் தவணையில் நிலுவை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடு. எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தின் தொழில் பதிவும் மாநகர் மன்ற உரிமமும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள். அவசரம் என்று வட்டி முதலைகளிடம் மட்டும் போய்விடாதே. ஆறு மாத அறிக்கை கைக்கு வந்ததும் சொல். நான் கோலாலம்பூருக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன் கணேசன்