டெல்டான்னா செழிப்பு இல்லீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல டெல்டாங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு 'செழிப்பான பூமி'ன்னு அர்த்தம் போட்டிருந்தீங்க. படிக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு ஆனா தப்பு சார்.

டெல்டா கிரேக்கத்துல நாலாவது எழுத்து, பெரிய எழுத்தா போட்டா முக்கோணம், அவ்வளவுதான். 2021ல கொரோனாவோட புது புது வகைக்கெல்லாம் வரிசையா கிரேக்க எழுத்துல பேரு வச்சப்ப டெல்டா வந்துச்சே, எங்க டீக்கடையில ஒரு பெரியவரு 'ஏம்ப்பா இது நம்ம பக்கத்துலேர்ந்து கெளம்புனதா'ன்னு கேட்டு பயந்தே போயிட்டாரு. எகிப்துல நைல் ஆறு கெய்ரோவ தாண்டி பிரிஞ்சு விரிஞ்சு கடலுக்கு போகுது பாருங்க, அந்த பூமி முக்கோணமா இருக்கவும் கிரேக்கக்காரங்க எழுத்து பேரையே அதுக்கு வச்சுட்டாங்க, கி.மு. 5-ம் நூற்றாண்டுலயே ஹெரோடோட்டஸ்ங்கிற கிரேக்க வரலாற்று ஆசிரியர் அப்படித்தான் எழுதுறாரு. அப்புறம் எந்த ஆறு அப்படி விரிஞ்சாலும் டெல்டான்னு ஆயிப்போச்சு.

பேரன் அட்லஸ பாத்துட்டு 'தாத்தா, நைல் டெல்டா தலைகீழால்ல இருக்கு'ங்கிறான். நைல் வடக்க பாத்து ஓடுதுடா, கப்பல்ல கடல் பக்கமா வர்ற கிரேக்கனுக்கு நேராத்தான் இருக்கும்னேன். நம்ம காவிரி டெல்டா படுத்துக்கெடக்குற முக்கோணம், நுனி கல்லணை பக்கம், அடி கொள்ளிடம் கடல்ல விழுற எடத்துலேர்ந்து கோடியக்கரை வரைக்கும்.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இன்னொண்ணு இருக்கு சார். கிரேக்கக்காரங்களுக்கும் அது சொந்த எழுத்து இல்ல, பினீசியர்கள்ங்கிற பழைய கடல் வியாபாரிகள்ட்டேர்ந்து வாங்குனது, அங்க அதுக்கு பேரு தாலெத், அப்படின்னா கதவு. ஹீப்ருல இன்னைக்கும் கதவுக்கு டெலெத்னுதான் சொல்றாங்க.

இத படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கு தெக்க, கடைமடை. ஜூன் 12 மேட்டூர தொறந்துட்டாங்கன்னு டிவில பூ தூவுறத காட்டுவாங்க, எங்க வாய்க்கால் காஞ்சு கெடக்கும், அப்புறம் கல்லணை தொறக்கணும், வழியில ஒவ்வொரு ஷட்டரா தூக்கணும், ஷட்டர் தொறக்குற லஸ்கர தேடி புடிக்கணும், நாத்து காத்துக்கிட்டு கெடக்கும். கடைமடைன்னா கடைசி மடை. மடைங்கிறது என்ன சார், தண்ணிக்கு வச்ச கதவுதானே?

அடுத்த வாரம் திருத்தம் போட்டா இந்த கதவு சமாச்சாரத்தையும் சேத்து போடுங்க, முக்கோணத்த மட்டும் போட்டு நிறுத்திடாதீங்க.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருத்தர்
திருவாரூர் மாவட்டம்