ஐந்து ஊராட்சிக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் வாரியம்

கேளம்பாக்கம், படூர், தையூர், தாழம்பூர், நாவலூர் ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் சென்னைக்குத் தெற்கே இந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவன். அப்பார்ட்மென்ட்காரர்கள் கிராம சபைக்கு வருவதில்லை என்று நீங்கள் குறைப்படுவது நியாயம்தான். நானே ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன், அதுவும் தெருவிளக்குக்காக. ஆகவே கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தினமும் லாரித் தண்ணீர்தான். போன கோடையில், இது எங்கிருந்து வருகிறது பார்ப்போம் என்று லாரிக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். பக்கத்து ஊரில் ஒரு வயல் கிணறு. அந்த நிலத்தில் நெல் போட்டு மூன்று வருடமாம். கிணற்றுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்குவது நாங்கள்தானே. அங்கிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பாட்டி அடிபம்பில் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கிழக்கே பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு கழிமுகம், அப்புறம் கடல். நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க உப்பு உள்ளே நகரும். ஓர் ஊராட்சி மட்டும் போர்வெல்லைக் கட்டுப்படுத்தினால், லாரி எல்லை தாண்டி அடுத்த ஊரில் நிரப்பிக்கொள்ளும்.

இதே திருப்போரூர் ஒன்றியத்தில் நெம்மேலியில் 2013 முதல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2024இல் பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு நம்மைத் தாண்டித் தென்சென்னைக்குப் போகிறது. நமக்குக் கேட்டால் நாம் கிராமம். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர், மாநகரத்தில் 135. பதினைந்து மாடிக் கட்டடம் நிற்கும் ஊருக்கும் அதே 55தான்.

சென்னை மாநகராட்சியில் சேர்த்துவிட்டால் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2011இல் சேர்ந்த சோழிங்கநல்லூர்ப் பக்கம் இன்னும் லாரி ஓடுகிறது. ஒரு நடை போய்ப் பாருங்கள்.

நான் கேட்பது, ஐந்து ஊராட்சிக்கும் பொதுவாக ஒரு தண்ணீர் வாரியம். ஆலைத் தண்ணீரை அது மொத்தமாக வாங்கட்டும், மீட்டர் வைத்துக் கொடுக்கட்டும். லாரிக்கு விற்கும் கிணறுகளுக்கு ஒரு கணக்கு, ஒரு வரம்பு. ஊர் வீடுகளுக்குக் குறைந்த கட்டணம், எங்களுக்குக் கூடுதல். லாரிக்கு அழுவதைவிட அது எங்களுக்கு லாபம்தான். கடன் வாங்கப் பயம் என்றால், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே வங்கிக் கடனில் சொந்தமாகக் காற்றாலை வாங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அரசாணை வேண்டும், தெரியும். தனியாகப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையில் ஐந்து ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். எங்கள் குடியிருப்பின் ஒரு வருட லாரி பில்லோடு நான் வருகிறேன். மற்ற குடியிருப்புக்காரர்களையும் அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு படூர்வாசி