மொரப்பூர் பாதையின் பழைய பாலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரப்பூர் – தருமபுரி பழைய ரயில் பாதையில் எஞ்சி நிற்கும் கல் பாலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். புதர் மண்டிக் கிடக்கும் ஒரு பாலத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு செய்திகள் பிசகிவிட்டன. பழைய சேலம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் அவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை என்று அதை எழுதியிருந்தீர்கள். அது அப்படிப்பட்ட பாதை அன்று. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடியே இருந்த குறுகிய பாதை. தருமபுரி வழியாகச் செல்லும் சேலம் – பெங்களூரு பாதைதான் 1960களில் மீட்டர் கேஜாக வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். அடுத்து, 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கட்டிய பாலம் என்று எழுதியிருந்தீர்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1906-ல்தான். 1913-ல் பாதை ஓசூரை எட்டியது.

ஆனாலும் பாலத்தையும் பஞ்சத்தையும் சேர்த்துப் பேசியது மிகச் சரி. தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் அந்த 1876–78 பஞ்சம் இந்த மாவட்டத்தைப் போல் வேறு சில இடங்களையே அத்தனை கொடுமையாகத் தாக்கியது. 1871-க்கும் 1881-க்கும் இடையே சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது சேலம் மாவட்டம்தான், 1965-ல்தானே பிரிந்தன! சென்னையிலிருந்து வந்த பெரிய பாதை 1861-லேயே சேர்வராயன் மலையடிவாரம் வழியாகச் சேலத்தை அடைந்திருந்தது. தானிய மூட்டைகள் ஸ்டேஷன் வரை வந்து இறங்கின. அதற்கு மேல் உள்ளூர்களுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியை விட்டால் வழியில்லை. புல்லும் தண்ணீரும் இன்றி மாடுகளே மடிந்துகொண்டிருந்த காலத்தில் வண்டியை எது இழுக்கும்? அந்த அனுபவத்திலிருந்து, பஞ்சம் தாக்கும் வறண்ட பகுதிகளுக்கென்று போட்ட பாதைகளில் ஒன்றுதான் இது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும் அப்படி வந்ததே.

ரயில் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லாதவனுக்கு ஸ்டேஷனில் குவிந்த மூட்டையால் என்ன பயன்? நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் (ஏறத்தாழ 450 கிராம்) தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க வெள்ளை அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும் அதே பஞ்சத்தில்தான். இதைச் சொல்லாமல் வெள்ளைக்காரன் கட்டிய பாலம் என்று வியந்துவிட்டுப் போவது இறந்தவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

உங்கள் படம் தூரத்திலிருந்து எடுத்தது. ஓடைக்குள் இறங்கிப் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரியும். கருங்கல்லை உளியால் கொத்திச் சுண்ணாம்புக் காரையில் வரிவரியாக அடுக்கியிருக்கிறார்கள். மேலே இரும்புச் சட்டம் உட்கார்ந்த இடத்தில் கல் வழவழப்பாக இருக்கிறது, துருக்கறை இன்னும் போகவில்லை. சட்டம் இல்லை. மாசி மாதம் நான் போயிருந்தபோது கரைக்கட்டின் மேல் யாரோ புளி காயப்போட்டிருந்தார்கள்.

1941-ல் உலகப் போருக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பஞ்சத்திலிருந்து மக்களைக் காக்கவென்று போட்ட பாதையைப் போருக்கென்று பிடுங்கிவிட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் தருமபுரியை ரயில் இல்லாமலே விட்டுவைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது மொரப்பூர் – தருமபுரி இடையே 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, நிலமெடுப்பில் வேலை இழுபடுகிறது. பாதை வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் மண்வெட்டும் இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன், எஞ்சியுள்ள பாலங்களையும் மதகுகளையும் அளந்து, படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாலத்தையாவது அப்படியே நிறுத்தி, பாதை வந்த ஆண்டையும் பஞ்சத்தின் செய்தியையும் தமிழில் எழுதிய பலகையை அங்கே வைக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சின்ன ரயிலில் சிறுவயதில் ஏறியவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். மொரப்பூர், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வட்டாரத்தில் அப்படி யாரேனும் இருந்தால், அவர்கள் வீட்டார் எழுதும்படி அடுத்த இதழிலேயே ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சூரமங்கலம், சேலம்.