சோலார் பேனல்ல வர்ற குமிழ சும்மா விடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மொட்டை மாடி சோலார் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு தெளிவா போட்டிருந்தீங்க. ஆனா பேனல் மாட்டுற வேலைல இருக்கறவன் நான், உள்ள வர்ற குமிழ் பத்தி யாருமே பேசறதில்லங்கறது எனக்கு பெரிய ஆதங்கம்.

பேனல் கண்ணாடிக்கும், வெயில கரண்டா மாத்தற செல்லுக்கும் நடுவுல ஈவிஏன்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கும், அரை மில்லிமீட்டர் கூட வராது, செல்லுக்குப் பின்னாடியும் அதே மாதிரி ஒண்ணு. ஃபேக்டரில வேக்குவம் போட்டு காத்த உறிஞ்சிட்டு 145 டிகிரி பக்கத்துல சூடாக்குவாங்க, அது உருகி எல்லாத்தையும் ஒட்டிக்கும். ஃபிலிம் ஈரம் இழுத்திருந்தாலோ, காத்து முழுசா போறதுக்குள்ள அவசரப்பட்டு அழுத்திட்டாலோ, ஃபிலிம் இறுகறதுக்காக கலக்கற பெராக்சைடு உடைஞ்சு வர்ற கேஸ் உள்ளயே மாட்டிக்கிட்டாலோ அங்கேயே குமிழ் வந்துரும்.

ஆறும்போது இன்னொரு தொல்லை. இந்த ஈவிஏ ஃபிலிம், கண்ணாடிய விட பல மடங்கு சுருங்கும், ஆனா ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கறதால இஷ்டத்துக்கு சுருங்க முடியாம உள்ளுக்குள்ளயே இழுபடும், அப்ப உள்ள அழுத்தம் குறைஞ்சு, சோடா பாட்டில திறந்த மாதிரி கரைஞ்சிருந்த கேஸ் வெளிய வந்து, ஒட்டு பலவீனமா இருக்கற எடத்துல குழியா நின்னுடும்.

நம்ம ஊர் மாடில பகல்ல பேனல் 60, 70 டிகிரி போகும், ராத்திரி ஆறிடும், தினமும் இதேதான், அதனால சின்னதா இருந்தது மெதுவா பெருசாகும். ஈரம் சேர்ந்துச்சுன்னா ஈவிஏ அசிட்டிக் ஆசிட் விட்டு உள்ள இருக்கற மெட்டல அரிக்க ஆரம்பிச்சுடும். "பாக்கத்தான் அசிங்கம், கரண்ட் வரும்"னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. பேனல் தரம் பாக்கற ஐஇசி 61215ங்கற சர்வதேச டெஸ்ட்ல மைனஸ் 40லருந்து 85 டிகிரி வரைக்கும் 200 தடவ ஏத்தி எறக்கிப் பாக்கறாங்க, குமிழ் தொடர்ச்சியா போய் உள்ள இருக்கற சர்க்யூட்டையும் பேனல் ஓரத்தையும் சேர்த்துடுச்சுன்னா அது ஃபெயில்தான், ஏன்னா அந்த வழியா தண்ணி எறங்கும், அப்புறம் கரண்ட் லீக் ஆகும்.

ஒரு வீட்ல பின்பக்க ஷீட் உப்பியிருக்குன்னு ஊசியால குத்தி விட்டிருந்தாங்க, பாத்ததும் பதறிட்டேன். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க, வரிசையா இணைச்ச பேனல்ல இன்வெர்ட்டர ஆஃப் பண்ணாலும் வெயில் இருக்கற வரைக்கும் நூத்துக்கணக்கான வோல்ட் டிசி இருக்கும்.

பேனல மேல ஏத்தறதுக்கு முன்னாடியே முன்னும் பின்னும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, குமிழ் இருந்தா சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அப்பவே மாத்திக் கேளுங்க, மாட்டின பிறகு வந்தா வாரன்டி பேப்பரோட எழுத்துல புகார் கொடுங்க.

இப்படிக்கு,
ஒரு சோலார் டெக்னீஷியன், கோயம்புத்தூர்